க்ரெப் ஏன் ரப்பர் மாதிரி வருது? வீட்டிலேயே பிரெஞ்சு க்ரெப் செய்ய ஒரு முழு கைடு!

மைதாவைப் பாலில் கரைக்கணும், தவாவில் மெல்லிசா ஊற்றணும், மடிச்சு மேலே சாக்லேட்டை ஊற்றணும். ரீல்ஸில் பார்த்தால் க்ரெப் அவ்ளோதான். 'அட, இது நம்ம கரைத்த மாவு தோசைதானே!' என்று தைரியமாகக் கிச்சனுக்குள் போகிற பலருக்கும் முதல் முயற்சியில் கிடைப்பது ஒன்று ரப்பர் ஷீட், இல்லை நடுவில் கிழிந்த கந்தல்.

அப்படி ஆவதற்குக் காரணம் நம் தோசைக் கைதான். தோசைக்கு மாவு புளிக்க வேண்டும். க்ரெப் மாவுக்குப் புளிப்பு வேண்டாம், ஓய்வு வேண்டும். தோசையைக் கரண்டியின் அடியால் தேய்த்து வட்டமாக்குகிறோம். வீட்டுத் தவாவில் க்ரெப் செய்யும்போது கரண்டி மாவைத் தேய்க்கவே கூடாது, தவாவைத்தான் சுழற்ற வேண்டும். தோசை மொறுமொறுவென்று வந்தால் சந்தோஷம். க்ரெப் துணி மாதிரி மடிய வேண்டும். துணி என்று சொன்னது சும்மா இல்லை. ஜவுளிக்கடையில் 'க்ரேப் சில்க்' என்று எடுத்துப் போடுகிறார்களே, அந்த 'க்ரேப்'பும் இதே பிரெஞ்சுச் சொல்தான். சுருண்டது, சுருக்கம் விழுந்தது என்று அர்த்தம் தரும் லத்தீன் சொல்லிலிருந்து இரண்டுமே வந்தவை. சூடான தவாவில் ஓரங்கள் சுருண்டு எழும்புவதைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும்.

இதன் சொந்த ஊர் பாரிஸ் இல்லை

ஈஃபிள் டவர் பக்கத்தில் நின்று க்ரெப் சாப்பிடும் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, இது பாரிஸ் ஐட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். க்ரெப்பின் சொந்த ஊர், பிரான்ஸின் வடமேற்கு மூலையில் அட்லான்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி (பிரிட்டன் இல்லை, அது வேறு!). அங்கே மண் அமிலத்தன்மை கொண்டது, வளம் குறைவு. கோதுமை அவ்வளவு சுலபமாக விளையாது. அதனால் விவசாயிகள் நம்பியிருந்தது பக்வீட் என்ற தானியத்தை. கிட்டத்தட்ட மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும், மோசமான மண்ணையும் தாங்கும். பிரெஞ்சில் 'சராஸென்' என்றும், 'கறுப்புக் கோதுமை' என்று பொருள்படும் பெயரிலும் இதை அழைக்கிறார்கள். பெயரில்தான் கோதுமை. உண்மையில் இது கோதுமை, நெல் போன்ற புல் வகையே கிடையாது, அதனால் இதில் க்ளூட்டனும் இல்லை.

இந்தக் கறுப்பு மாவில் தண்ணீரும் உப்பும் சேர்த்துச் சுட்டதுதான் அந்த மக்களின் தினசரிச் சாப்பாடு. வெள்ளைக் கோதுமை மாவும் பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்பு க்ரெப், காசு கொஞ்சம் புழங்கிய பிறகு வந்த ஆடம்பரம். இன்றைக்கும் பிரிட்டனியின் க்ரெப் கடைகளில் இந்த வரிசை மாறுவதில்லை. முதலில் பக்வீட்டில் செய்த உப்பு 'கலெட்', அதற்குப் பிறகு கோதுமையில் செய்த இனிப்பு க்ரெப், கூடவே பீங்கான் கிண்ணத்தில் ஆப்பிள் சைடர். பிரிட்டனியின் மேற்குப் பக்கம் போனால் இரண்டையுமே 'க்ரெப்' என்பார்கள். யார் சொல்வது சரி என்று அங்கே கேட்டுவிடாதீர்கள், சாயங்காலம் ஆகிவிடும்.

ரென் நகரத்தில் இன்னொரு காட்சி. ஃபுட்பால் மேட்ச் நாளில் சுடச்சுட வறுத்த சாசேஜை, ஆறிப்போன கலெட்டில் சுற்றி, கையில் பிடித்தபடி சாப்பிடுவார்கள். தட்டு கிடையாது, சாஸ்கூட வேண்டாம் என்பவர்கள் உண்டு. க்ரெப் என்றாலே விப்பிங் க்ரீமும் ஸ்ட்ராபெரியும் என்று நினைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

பாரிஸுக்கு இது போய்ச் சேர்ந்தது ரயிலில். 1857-ல் ரென் வரைக்கும், 1865-ல் மேற்குக் கோடியிலிருக்கும் ப்ரெஸ்ட் வரைக்கும் தண்டவாளம் போடப்பட்டது. வேலை தேடி பாரிஸ் வந்த பிரிட்டனிக்காரர்கள் இறங்கிய ஸ்டேஷன் மோன்பர்னாஸ். அங்கேயே பக்கத்தில் குடியேறினார்கள். மோன்பர்னாஸ் தெருவில் இன்றும் வரிசையாக க்ரெப் கடைகள் இருப்பதற்கு அதுதான் காரணம். அதே பாரிஸில் இன்னொரு பெரிய ஸ்டேஷனான கார் து நோருக்குப் பக்கத்தில், லா ஷப்பேல் பகுதியில், ஈழத்தமிழர் கடைகளில் தோசை கிடைக்கும். ஒரே நாளில் இரண்டையும் சாப்பிட்டு ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஊர் வசதியான ஊர்.

மாவு: இங்கேதான் பாதி வேலை முடிகிறது

முதலில் கோதுமை க்ரெப். 20-22 செ.மீ அகலமுள்ள தவாவில் 9 அல்லது 10 வரும்.

தேவையானவை: மைதா 125 கிராம் (சுமார் ஒரு கப்), முட்டை 2, காய்ச்சி ஆறவைத்த பால் 300 மி.லி, உருக்கிய வெண்ணெய் 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. இனிப்பு க்ரெப் என்றால் மட்டும் ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை.

பாலின் மேல் ஆடை இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது மாவில் நூல் நூலாகத் திரியும். பால் ரூம் டெம்ப்ரேச்சரில் இருப்பது முக்கியம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில் பாலில் உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் அது உடனே உறைந்து குருணை குருணையாக மிதக்கும்.

கட்டி விழாமல் கரைக்க ஒரு வழி இருக்கிறது. மொத்தப் பாலையும் மைதாவில் கொட்டாதீர்கள். மைதா, உப்பு, சர்க்கரையைக் கலந்து நடுவில் குழி பண்ணி, முட்டைகளை உடைத்து ஊற்றி, கால்வாசிப் பாலை மட்டும் சேர்த்து விஸ்க்கால் கலக்குங்கள். இட்லி மாவைவிடக் கெட்டியாக, இழுத்தால் வருகிற மாதிரி ஒரு பேஸ்ட் கிடைக்கும். கெட்டியாக இருக்கும்போது மாவுக்குள் உராய்வு அதிகம். கட்டிகள் அந்த உராய்வில் உடைந்துபோகும். தண்ணியாக இருந்தால் கட்டிகள் விஸ்க்குக்குச் சிக்காமல் நீச்சல் அடித்துக்கொண்டிருக்கும். பேஸ்ட் வழுவழுப்பானதும் மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரைத்து, கடைசியில் வெண்ணெயைச் சேர்க்கவும். அப்படியும் கட்டி தெரிந்தால் டீ வடிகட்டியில் வடித்துவிட்டால் வேலை முடிந்தது. மிக்ஸியில் 10 விநாடி அடிப்பதும் தப்பில்லை, ஆனால் நுரை நிறைய வரும். அது அடங்க இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும்.

வெண்ணெய் விஷயத்தில் ஒரு சின்ன எக்ஸ்ட்ரா. சும்மா உருக்காமல், மிதமான தீயில் வைத்து அடியில் பொன்னிறத் துகள்கள் வரும்வரை விட்டால் முந்திரி வறுத்த மாதிரி ஒரு வாசனை வரும். நாம் நெய் காய்ச்சும்போது முருங்கைக்கீரை போடும் முன் வருமே, கிட்டத்தட்ட அந்தக் கட்டம். அதை ஆறவைத்து மாவில் ஊற்றினால் வெறும் சர்க்கரை தூவிய க்ரெப்கூட வேற லெவலில் இருக்கும். கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற டேபிள் பட்டர் பெரும்பாலும் உப்பு போட்டது. அதைச் சேர்த்தால் மாவுக்குத் தனியாக உப்பு வேண்டாம். பிரிட்டனிக்காரர்களும் உப்பு வெண்ணெய் ஆட்கள்தான். புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் உப்புக்கு 'கபெல்' என்று ஒரு கடுமையான வரி இருந்தது. பிரிட்டனிக்கு அதிலிருந்து விலக்கு. உப்பு அங்கே மலிவு என்பதால் வெண்ணெயில் தாராளமாகப் போட்டுப் பழகிவிட்டார்கள். வரி போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இப்போது ஓய்வு. மூடிவைத்துக் குறைந்தது அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. ஃப்ரிட்ஜில் ஓர் இரவு முழுக்க வைத்தாலும் சரி. 'அதான் கரைச்சாச்சே, ஊத்திட வேண்டியதுதானே' என்று தோன்றும். பொறுங்கள். மைதாவை ஈரமாக்கிக் கலக்கும்போது அதிலுள்ள புரதம் க்ளூட்டன் என்ற வலையாகப் பின்னிக்கொள்கிறது. பரோட்டா மாவை அடித்துப் பிசைந்ததும் இழுத்தால் சுருங்கிக்கொள்கிறதே, அதே சங்கதிதான். உடனே ஊற்றினால் க்ரெப்பும் சுருங்கும், மெல்லும்போது ரப்பராகத் தெரியும். ஓய்வில் அந்த வலை தளர்ந்துவிடும். அதே நேரத்தில் மாவின் ஸ்டார்ச் பாலை உறிஞ்சி உப்பும், கலக்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழ்கள் வெளியேறும். பரோட்டா மாஸ்டர் மாவை எண்ணெயில் ஊறப்போடுகிற அதே நியாயம்தான் இங்கேயும்.

ஓய்வெடுத்த மாவு கொஞ்சம் கெட்டியாகியிருக்கும். ஒன்றிரண்டு ஸ்பூன் பால் விட்டுச் சரிசெய்யுங்கள். பதம் பார்க்க, கரண்டியை முக்கி எடுத்து அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு போடுங்கள். மாவு மெல்லிய படலமாக ஒட்டியிருந்து, கோடு அப்படியே நின்றால் சரி. தோசை மாவைவிட ரொம்பவே நீர்க்க, மோரைவிடச் சற்றுக் கெட்டி.

தவா, தீ, மணிக்கட்டு

பிரிட்டனியில் இதற்கென்றே 'பிலிக்' என்ற வட்டமான வார்ப்பிரும்புக் கல் இருக்கிறது. சுமார் 40 செ.மீ அகலம். அதை யாரும் தூக்கிச் சுழற்ற முடியாது. 'ரோஸெல்' என்ற டி வடிவ மரக்குச்சியால் மாவை இழுத்துச் சுற்றி, நீளமான மரப்பட்டையால் திருப்புகிறார்கள். ரோஸெல்லைச் சுற்றுவது கை பழக நாளாகும் வேலை. வீட்டுக்கு அது வேண்டாம். கைக்கு அடக்கமான, குட்டைச் சுவர் கொண்ட நான்ஸ்டிக் தவா போதும். கனமான இரும்பு தோசைக்கல்லில் செய்யலாமா என்றால், நன்கு பழகிய கல்லில் ஒட்டாமல் வரும், ஆனால் தூக்கிச் சாய்க்க மணிக்கட்டு ஒத்துழைக்காது.

தீ மிதமாக இருக்கட்டும். தவா காய்ந்ததும் கால் டீஸ்பூன் வெண்ணெய் போட்டுப் பாருங்கள். அது மெதுவாகச் சலசலத்து நுரைத்தால் சூடு சரி. போட்டவுடன் கறுத்துப் புகைந்தால் அதிகம், தீயைக் குறைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். சத்தமே இல்லாமல் உருகி ஓடினால் இன்னும் காயவில்லை. வெண்ணெய் உருகியதும் ஒரு டிஷ்யூவால் துடைத்து எடுத்துவிட வேண்டும். தவாவில் பளபளப்பு மட்டும் மிஞ்ச வேண்டும், தேங்கக் கூடாது. தோசைக்குச் சுற்றி எண்ணெய் விடுகிற பழக்கத்தில் இங்கேயும் விட்டால் க்ரெப் பொரிந்து, ஓரம் அப்பளமாகி, மடிக்கும்போது உடையும்.

அடுத்து ஊற்றுவது. தவாவை அடுப்பிலிருந்து தூக்கி ஒரு கையில் சாய்வாகப் பிடித்துக்கொண்டு, சின்னக் கரண்டியால் சுமார் 50 மி.லி மாவை ஒரே மூச்சில் ஊற்றி, உடனே மணிக்கட்டால் தவாவை ஒரு சுற்றுச் சுற்றவும். மூன்று நான்கு விநாடிகளில் மாவு அடி முழுவதும் பரவிவிடும். அளவு தெரியாதவர்களுக்கு ஒரு வழி: தேவைக்கு மேலேயே ஊற்றிச் சுற்றிவிட்டு, ஒட்டாத மிச்ச மாவைக் கிண்ணத்துக்கே திருப்பிக் கொட்டிவிடுங்கள். ஒட்டியது மட்டும் எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டுமோ அவ்வளவு மெல்லிசாக இருக்கும். ஓரத்தில் வால் மாதிரி ஒரு துண்டு நீண்டிருக்கும், பரவாயில்லை, அதைக் கிள்ளிச் சாப்பிட ஆள் எல்லா வீட்டிலும் உண்டு.

ஊற்றியவுடனே ஓட்டை ஓட்டையாகி மாவு நகர மறுத்தால் தவா சூடு அதிகம். பரவுகிறது, ஆனால் ஒரு நிமிடம் கழித்தும் வெளிறிப்போய் ஈரமாகவே இருந்தால் சூடு குறைவு. ரப்பர் க்ரெப்புக்கு இரண்டாவது முக்கியக் காரணம் இதுதான். குறைந்த சூட்டில் ரொம்ப நேரம் கிடந்து காய்ந்துபோகிறது. மூன்றாவது காரணம், மாவு கெட்டி.

முக்கால் நிமிடத்தில் மேல்புறத்தின் பளபளப்பு போய், ஓரம் பொன்னிறமாகி, தானாகவே தவாவைவிட்டு எழும்பும். அப்போது திருப்பினால் போதும். அதற்கு முன்னால் தோசைத் திருப்பியைச் செருகினால் கிழிந்துவிடும். எழும்பிய ஓரத்தை விரல் நுனிகளால் பிடித்துத் திருப்புவதுதான் சுலபம், சூடு கொஞ்சம் சுடும். அடுத்த பக்கத்துக்கு 20 விநாடி போதும். முதல் பக்கம் லேஸ் துணி மாதிரி அழகாக இருக்கும், இரண்டாம் பக்கம் புள்ளி புள்ளியாக. அழகான பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடிப்பது வழக்கம்.

முதல் க்ரெப் சரியாக வராது. தவாவின் சூடு சமமாகவில்லை, மாவின் பதம் தெரியவில்லை, எவ்வளவு ஊற்றுவது என்று கைக்குத் தெரியவில்லை. அதை டெஸ்ட் பீஸ் என்று வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத் தீயையும் மாவையும் திருத்துங்கள். சுட்டதை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு தட்டில் அடுக்கி மெல்லிய துணியால் மூடவும். ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம், ஒட்டாது. மொறுமொறுத்த ஓரங்கள்கூட அந்த ஆவியில் இளகிவிடும்.

தூக்கிப்போட்டுப் பிடிக்கிற ஸ்டைலும் உண்டு. பிரான்ஸில் பிப்ரவரி 2-ம் தேதி 'ஷாந்தலர்' என்ற பண்டிகை. கிறிஸ்துமஸிலிருந்து 40-வது நாள், தேவாலயங்களில் மெழுகுவத்திகளை மந்திரிக்கும் நாள். வீடுகளில் அன்று க்ரெப் நாள். ஒரு கையில் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தவாவிலிருக்கும் க்ரெப்பைத் தூக்கிப்போட்டு, கீழே விழாமல் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்கக் காசுக்குப் பஞ்சமிருக்காது என்பது நம்பிக்கை. அந்தக் காலத்தில் தங்க நாணயம், இப்போது கையில் கிடைத்த யூரோ. முயற்சி செய்பவர்கள் தவாவை முதலில் குலுக்கி, க்ரெப் வழுக்கிக்கொண்டு நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள். ஒட்டியிருந்தால் பாதி மேலே போகும், பாதி தவாவிலேயே நிற்கும்.

பக்வீட் கலெட் வேண்டுமா?

பக்வீட் மாவுக்கு வெளிநாட்டு இறக்குமதி தேட வேண்டாம். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடும் 'குட்டு' மாவு இதேதான். ஆன்லைனிலும் வட இந்திய மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். சீக்கிரம் கெட்டு கசக்கும் மாவு இது. பேக்கிங் தேதியைப் பார்த்து, சின்ன பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் முகர்ந்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுவது நல்லது.

பக்வீட் 150 கிராம், மைதா 30 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு முட்டை, தண்ணீர் 350 மி.லி. பால் வேண்டாம். இதில் க்ளூட்டன் இல்லாததால் மாவைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அந்த வேலையைத்தான் முட்டையும் கொஞ்சம் மைதாவும் செய்கின்றன. கை பழகியதும் மைதாவை விட்டுவிடலாம். க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலிருந்தே விட்டுவிட வேண்டும், கடையில் சாப்பிடும்போதும் மாவில் கோதுமை கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் ஊறட்டும். ஊறியதும் இன்னும் 50 மி.லி வரை தண்ணீர் இழுக்கும். சூடு க்ரெப்பைவிட ஒரு படி அதிகம். இதில் ஓட்டை ஓட்டையாக வருவது தப்பே இல்லை, அதுதான் அழகு. நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, சுவை கொஞ்சம் மண்வாசனையோடு வறுத்த கொட்டை மாதிரி இருக்கும். முதல் கடியில் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். முட்டையும் சீஸும் சேர்ந்ததும் கதையே வேறு.

உள்ளே என்ன வைப்பது?

பிரிட்டனியின் கிளாசிக், 'கலெட் கோம்ப்ளெத்'. ஹாம், முட்டை, சீஸ் மூன்றும் சேர்ந்தது. கலெட்டைத் திருப்பிப் போட்டதும் நடுவில் துளி வெண்ணெய் தடவி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றவும். மஞ்சள் கருவைத் தொடாமல் வெள்ளைக்கருவை மட்டும் ஸ்பூனால் கொஞ்சம் பரப்பினால் சீக்கிரம் வேகும். சுற்றிலும் துருவிய சீஸ் (அங்கே எமென்டல், இங்கே கிடைக்கும் எந்த உருகும் சீஸும் சரி), ஹாம் துண்டுகள். நான்கு பக்கத்தையும் உள்ளே மடித்துச் சதுரமாக்கி, மஞ்சள் கரு மட்டும் நடுவில் ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கிற மாதிரி விடவும். மூடிபோட்டு ஒரு நிமிடம். ஹாம் வேண்டாதவர்கள் காளான் வைக்கலாம். அதுவும் கடைகளில் கிடைக்கும் வெரைட்டிதான்.

காளானோ கீரையோ எதுவானாலும், ஈரம்தான் க்ரெப்பின் எதிரி. 200 கிராம் காளானை வெண்ணெய் இல்லாமலே காய்ந்த தவாவில் போட்டு, தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்குங்கள். அப்புறம்தான் வெண்ணெய், நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள், உப்பு. பாலக் கீரையை வதக்கி, ஆறியதும் கையால் இறுக்கிப் பிழிய வேண்டும். சாஸ் வேண்டுமானால் வெள்ளை சாஸ்: 20 கிராம் வெண்ணெயில் 20 கிராம் மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, 250 மி.லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கெட்டியாகும்வரை கிளறி, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள் சேர்க்கவும். க்ரெப்புக்குள் வைக்க இது ஸ்பூனிலிருந்து வழியக் கூடாது.

நான்கு பேருக்கு மேல் சாப்பிட வருகிறார்கள் என்றால் கலெட்டை ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டு நிற்பது தண்டனை. வடக்கு பிரான்ஸின் பிகார்டி பகுதியில் 'ஃபிசெல் பிகார்ட்' என்று ஒன்று செய்கிறார்கள். க்ரெப்புக்குள் ஹாமும் பொடியாக நறுக்கி வதக்கிய காளானும் க்ரீமும் வைத்துச் சுருட்டி, ட்ரேயில் அடுக்கி, மேலே இன்னும் க்ரீமும் சீஸும் போட்டு அவனில் வைத்துவிடுவார்கள். காலையிலேயே சுருட்டி அடுக்கி வைத்துவிட்டு, விருந்தாளிகள் வந்ததும் 200 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் சீஸ் கொதித்துப் பொன்னிறமாகிவிடும். கீரை, வெள்ளை சாஸ் வைத்தும் இதே மாதிரி செய்யலாம். எனக்கு இந்த அவன் க்ரெப்தான் எல்லாவற்றிலும் பிடித்தது.

இனிப்பில் ஆரம்பிக்க வேண்டியது வெண்ணெய்-சர்க்கரை. சூடான க்ரெப்பில் உப்பு வெண்ணெயைத் தேய்த்து, ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி, நான்காக மடித்தால் முக்கோணம். பல்லில் நறநறக்கும் சர்க்கரைதான் இதன் சுகம், அதனால் பொடித்த சர்க்கரை வேண்டாம். சர்க்கரையோடு எலுமிச்சை பிழிந்தது இன்னொரு பழைய காம்பினேஷன். நம்ம ஊர் எலுமிச்சைக்குப் புளிப்பு அதிகம், நாலு சொட்டு போதும். தேன், ஜாம், செஸ்ட்நட் பேஸ்ட் எல்லாம் அங்கே வழக்கம்தான். நுட்டெல்லா 1964-ல் பிறந்த இத்தாலியச் சரக்கு என்றாலும் பாரிஸ் தெருக்கடைகளில் அதற்குத்தான் ராஜ மரியாதை. க்ரெப் தவாவில் இருக்கும்போதே பாதியில் மட்டும் மெல்லிசாகத் தடவி, வாழைப்பழத் துண்டுகளை ஒரு வரிசை வைத்து மடிக்கவும். நாலு ஸ்பூன் நுட்டெல்லா, ஐஸ்க்ரீம், ஸ்ப்ரிங்கிள்ஸ் என்று அள்ளி வைத்தால் க்ரெப் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் உப்பு கேரமல். 1977-ல் பிரிட்டனியின் கிபெரோன் ஊரில் ஹென்றி ல ரூ என்ற மிட்டாய்க்காரர் உப்பு வெண்ணெய் கேரமலை மிட்டாயாகச் செய்து பிரபலமாக்கினார். வீட்டு சாஸுக்கு: கனமான பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் உருக்கவும். தேன் நிறம் தாண்டி, கடுங்காப்பி நிறம் வருவதற்கு முன் அடுப்பை அணைத்து, 45 கிராம் உப்பு வெண்ணெயைப் போட்டுக் கிளறி, வெதுவெதுப்பான ஃப்ரெஷ் க்ரீம் 60 மி.லி ஊற்றவும். பொங்கி எழும், தள்ளி நில்லுங்கள். ஜில் க்ரீம் ஊற்றினால் சர்க்கரை கட்டிதட்டிவிடும்.

அப்புறம் சுசெட். ஹென்றி ஷார்பென்டியே என்ற சமையற்காரர், 1895-ல் மான்டி கார்லோவில் இங்கிலாந்து இளவரசருக்குப் பரிமாறும்போது சாஸில் தற்செயலாகத் தீப்பற்றிக்கொண்டதாகவும், அப்படித்தான் க்ரெப் சுசெட் பிறந்ததாகவும் சுயசரிதையில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 15-கூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம், அந்த வயதுப் பையனை இளவரசர் மேஜைக்கு அனுப்பியிருப்பார்களா என்று கேட்கிறவர்கள் உண்டு. கதை எப்படியோ, சாஸ் பிரமாதம். 50 கிராம் சர்க்கரையை லேசாகக் கேரமலாக்கி, இரண்டு ஆரஞ்சின் சாறு, ஒரு ஆரஞ்சுத் தோலின் துருவல், 50 கிராம் வெண்ணெய் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். ஸ்பூனில் ஒட்டும் பதம் வந்ததும், நான்காக மடித்த க்ரெப்புகளை அதில் போட்டுப் புரட்டி எடுக்கவும். ரெஸ்டாரன்ட்டில் ஆரஞ்சு மதுவை ஊற்றிக் கொளுத்துவார்கள். வீட்டுக் கிச்சனில், சிம்னிக்குக் கீழே அந்த வித்தை வேண்டாம். மது இல்லாமலே நன்றாகத்தான் இருக்கிறது.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு

முட்டை இல்லாமல் வருமா என்றால் வரும். 100 கிராம் மைதாவோடு 25 கிராம் கார்ன்ஃப்ளோர், 300 மி.லி பால், 25 கிராம் வெண்ணெய். கார்ன்ஃப்ளோர் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் மாவைக் கலக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். முட்டை கொடுக்கும் உறுதி இதில் இருக்காது. அதனால் சின்ன தவாவில், முதல் பக்கத்தைக் கூடுதலாக அரை நிமிடம் விட்டு, நன்றாக நிறம் வந்த பிறகு திருப்புங்கள். சதுரமாக மடிக்கிற கனமான ஃபில்லிங் வேண்டாம், முக்கோணமாக மடிக்கும் இனிப்பு வகைகளுக்கு இது பொருந்தும்.

மிச்சமானால்?

கரைத்த மாவை ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். மேலே சாம்பல் நிறம் படிந்தாலும் கலக்கிவிட்டால் போய்விடும், புளித்த வாசனை வந்தால் வேண்டாம். சுட்ட க்ரெப்பை ஆறவைத்து, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வரை வைக்கலாம். சாப்பிடும்போது தவாவில் துளி வெண்ணெயோடு ஒவ்வொரு பக்கமும் 15 விநாடி. ஃப்ரீசரில் வைப்பதென்றால் மட்டும் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத கவரில் போடுங்கள், ஒரு மாதம் தாங்கும். எடுத்ததும் பிரிக்க இழுத்தால் அப்பளம் மாதிரி உடையும். அரை மணி நேரம் வெளியே வைத்தால் தானாகவே பிரிந்து வரும்.